தென்னாப்பிரிக்க சிவப்பு ஒயின்களில் ‘சின்சோ’ என்று ஒரு பெயர் அடிபடுகிறதே, அது என்ன திராட்சை? தனியாக வாங்கிக் குடிக்கத் தகுமா?

தாராளமாகத் தகும். நம் வீட்டுச் சாப்பாட்டோடு குடிப்பதாக இருந்தால் எல்லாரும் கேட்கும் காபர்னே சோவிஞோன் என்ற சிவப்புத் திராட்சை ஒயினை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

டர்பனில் ஒரு மதுக்கடையில் ஒயின் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் பக்கத்திலிருந்து வரும் நம் ஆட்களில் பலர் நேரே பிராந்தி அலமாரிக்குப் போய்விடுவார்கள். ஒயின் பக்கம் எட்டிப்பார்க்கும் சிலரும் காபர்னே என்று எழுதியிருந்தால்தான் கையில் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு போட்ட மட்டன் கறியோடு அதைக் குடித்துவிட்டு, ஒயினே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காரமும் காபர்னேயின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டு எரியத்தானே செய்யும்?

சின்சோவில் அந்தத் துவர்ப்பு குறைவு. பழம் பெரியது, சாறு அதிகம். அந்த அளவோடு பார்த்தால் தோல் கொஞ்சம்தான். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தே இறங்குகின்றன. அதனால் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். வாசனை மட்டும் செர்ரி, ஸ்ட்ராபெரி என்று தூக்கலாக வரும். இந்தக் குணத்துக்காகவே முரட்டு ஒயின்களில் இதைக் கலந்து மென்மையாக்கினார்கள். பூர்வீகமான தெற்கு பிரான்சில் கிரெனாஷ், கரிஞான் என்ற திராட்சைகளோடு சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பான ரோசே ஒயினுக்கும் போகும். லெபனானின் ஷாத்தோ மூசார் என்ற ஒயின் பண்ணையின் சிவப்பு ஒயினில் காபர்னேயும் கரிஞானும் இதுவும் கூட்டாளிகள்.

தென்னாப்பிரிக்காவில் ஒயின் விளையும் கேப் பகுதியில் கதையே வேறு. அங்கே இதை வெகுகாலம் ஹெர்மிடாஜ் என்று அழைத்தார்கள். வெயிலையும் வறட்சியையும் தாங்கும், காய்த்துக் கொட்டும். விவசாயிக்கு வேறென்ன வேண்டும்? 1960களில் நாட்டில் மிக அதிகமாகப் பயிரான சிவப்புத் திராட்சை இதுதான். அந்தக் காலத்தில் காபர்னே என்று விற்ற பல பாட்டில்களில் சின்சோ தாராளமாக இருந்தது, லேபிளில் மட்டும் இருக்காது. இன்றைய விதிப்படி லேபிளில் ஒரே திராட்சையின் பெயரைப் போட அது 85 சதவீதம் இருந்தால் போதும். மீதி 15 சதவீதத்தில் சின்சோவை நீங்கள் ஏற்கெனவே குடித்திருக்கவும் கூடும்.

இதன் பிள்ளையைத்தான் உலகத்துக்கே தெரியும். 1925இல் ஸ்டெலன்போஷ் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் பினோ நுவார் என்ற திராட்சையையும் இதையும் கலப்பினம் செய்தார். கிடைத்தவை நான்கே விதைகள். தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய தோட்டத்தைத் துப்புரவு செய்ய ஆட்கள் வந்தபோது, ஒரு இளம் விரிவுரையாளர் அந்தக் கன்றுகளைக் காப்பாற்றினார். அதுதான் பினோடாஜ் என்ற திராட்சை.

காய்த்துக் கொட்டுவதே இதன் கெட்ட பெயருக்கும் காரணம். இளங்கொடியில் அளவில்லாமல் காய்க்க விட்டால் ஒயின் தண்ணீராகத்தான் இருக்கும். வயதான கொடியில் காய்ப்பு குறைந்து சுவை திரளும். கேப்பில் சுவார்ட்லாந்து, டார்லிங் பக்கம் இன்னும் பழைய கொடிகள் நிற்கின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்குபோலப் பந்தல் கிடையாது. கம்பிகூட இழுக்காமல், குட்டையாகத் தரையோடு நிற்கும் செடிகள். வாங்கும்போது பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். 35 வயது தாண்டிய தோட்டத்து ஒயின்களுக்கு ஒரு முத்திரை உண்டு, கொடி நட்ட வருடம் அதில் இருக்கும். நான் விலையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன்.

குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்று மாமா யாராவது சொல்வார்; டர்பன் வெயிலில் அந்தப் பேச்சு எடுபடாது. மீன் குழம்புக்கும், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் டர்பன் பன்னி சௌவுக்கும் இது நன்றாகப் போகும். பிரியாணிக்கு அதைவிடவும் பொருத்தம்.

பரிசாகக் கொடுப்பதென்றால் மட்டும் யோசியுங்கள். கறுப்பாக, கனமாக இருந்தால்தான் ஒயின் என்று நினைப்பவருக்கு இந்த நிறத்தைப் பார்த்ததும் தண்ணீர் கலந்த சந்தேகம் வரும். அவருக்குப் பினோடாஜே வாங்கிக் கொடுங்கள்.