அன்னா ஷ்வார்ட்ஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனைப் பற்றிய தங்கள் கட்டுரையில் அன்னா ஷ்வார்ட்ஸின் பெயர் ஒரே வரியில் வந்து போகிறது. அவரை ஃப்ரீட்மனின் உதவியாளர் என்று ஓரிடத்தில் படித்தேன். அவர் எங்கே பேராசிரியராக இருந்தார்?

பொருளியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்து சென்றது என் பிழைதான். அன்னா ஷ்வார்ட்ஸ் யாருக்கும் உதவியாளர் அல்லர். 1915இல் நியூயார்க்கில் பிறந்து, 18 வயதில் பர்னார்டு கல்லூரியில் பட்டமும் அடுத்த ஆண்டே கொலம்பியாவில் முதுகலையும் பெற்றவர். இடையிடையே கல்லூரிகளில் கற்பித்தார் என்றாலும், 1941இல் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தவர் 2012இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார்.

ஃப்ரீட்மன் சிகாகோவிலும் இவர் நியூயார்க்கிலுமாக, பெரும்பாலும் கடிதங்கள் வழியே உருவாக்கிய ‘அமெரிக்காவின் பணவியல் வரலாறு, 1867–1960’ 1963இல் வெளிவந்தது. 1929க்கும் 1933க்கும் இடையில் நாட்டின் பண இருப்பு, அதாவது மக்கள் கையிலிருந்த ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை, மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது என்பதும், அதைத் தடுக்கும் வலிமை இருந்தும் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தவறியதால்தான் பெருமந்தம் எனும் அக்காலப் பொருளாதாரச் சரிவு அவ்வளவு கடுமையானது என்பதும் அந்நூலின் புகழ்பெற்ற வாதம். இந்த வாதத்தைத் தாங்கி நிற்கும் எண்கள் எந்த அரசு அட்டவணையிலும் ஆயத்தமாகக் கிடைத்தவை அல்ல. பலவகை வங்கிகளின் பழைய அறிக்கைகளைத் தேடி, வைப்புத்தொகைகளைக் கூட்டி, வங்கிப் பெட்டகங்களில் கிடந்த ரொக்கம் இருமுறை எண்ணப்படாதபடி கழித்து, பல பத்தாண்டுகளுக்கான தொடரை அமைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பெரும்பகுதி அன்னாவுடையது. இதை எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் பணவியலை அறியாதவர்கள் என்பேன். எதைப் பணம் என்று கொள்வது என்பதை முடிவு செய்யாமல் அதில் ஓர் எண்ணைக்கூட எழுத முடியாது.

கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது 1964இல், அதாவது நூல் வெளிவந்து ஓராண்டு கழித்து. 1976இல் நோபல் பரிசு ஃப்ரீட்மனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசுக்கான காரணங்களில் பணவியல் வரலாறும் குறிப்பிடப்பட்டிருந்ததால் இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உழைப்பு முழுவதும் அன்னாவுடையது, பெயரில் பெரும்பகுதி தனக்கு வந்தது என்று ஃப்ரீட்மனே சொல்லியிருக்கிறார். 2002இல் ஃப்ரீட்மனின் 90ஆம் பிறந்தநாள் விழாவில், அப்போது ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர்களுள் ஒருவராக இருந்த பென் பெர்னான்கி, பெருமந்தத்துக்காக மன்னிப்புக் கேட்டபோது இருவரையும் பெயர் சொல்லியே கேட்டார்.

நூலை வாங்கினால் 1929–33ஐப் பற்றிய ஏழாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.