ஐந்து நிமிடம் எழுந்து போவது சோம்பேறித்தனமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை ரொம்ப நாளாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்னை பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை (கோடு) போட வேண்டும். இரண்டு மானிட்டர். இடது பக்கம் சார்ட், அதாவது நோயாளியின் குறிப்பு, வலது பக்கம் சாஃப்ட்வேர். எம்17.11 என்றால் வலது முழங்கால் தேய்மானம், எம்17.12 என்றால் இடது. கடைசி எண் மாறினால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வரும், என் க்வாலிட்டி மார்க் குறையும். அதனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே பயம்.

ஆறு மாதமாக மதியத்துக்கு மேல் கண் எரிகிறது, உறுத்துகிறது. வேலை முடிந்து வெளியே வந்தால் பஸ் போர்டு கொஞ்ச நேரம் கலங்கலாகத் தெரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஓய்வெடுக்கச் சொல்லும் ஆப் ஒன்று போட்டேன். அது அடிக்கும்போதெல்லாம் படித்த வரி போய்விடுகிறது, இரண்டாம் நாளே எடுத்துவிட்டேன். எழுந்து போனால் டீம் லீட் "மறுபடியும் பிரேக்கா?" என்கிறார். பிரேக்கில் போன்தான் பார்க்கிறேன், திரும்பி வந்தால் இன்னும் எரிச்சல். கண்ணாடிக் கடைக்காரர் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் கண்ணாடி போடச் சொல்கிறார். அம்மா வேலையை விடச் சொல்கிறார். எனக்கு இந்த வேலை பிடிக்கும் அக்கா. அடிக்கடி எழுந்து போகத் தோன்றுவது என் சோம்பேறித்தனமா?

ர.
சென்னை

அன்புள்ள ர.,

சோம்பேறித்தனம் இல்லை. அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கண் இடைவெளி கேட்கிறது. உங்கள் வேலை அமைந்திருக்கும் விதத்தில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. பிரச்சினை அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பிரச்சினை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "திரையிலிருந்து கண்ணை எடுக்கவே பயம்" என்பது. கண்ணை எடுக்கப் பயப்படுகிறவர் இமைக்கவும் மறந்துவிடுவார். 1993ல் சுபோட்டா, நகாமோரி என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்கள் எத்தனை தடவை இமைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 தடவை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 தடவைதான் இமைத்தார்கள். கம்ப்யூட்டர் திரை முன்னால் அது 7 ஆகிவிட்டது. ஒவ்வொரு இமைப்பிலும் இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து கொஞ்சம் எண்ணெய்ப் பசை வந்து கண்ணீரின் மேல் பரவுகிறது. அது இருந்தால்தான் கண்ணீர் சீக்கிரம் காயாது. இமைப்பதே குறைந்து, அதுவும் பாதி மூடிப் பாதி திறக்கும் அரைகுறை இமைப்பாகிவிட்டால் கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்துபோகும். உங்களுக்கு மதியத்துக்கு மேல் உறுத்துவது இதனால்தான் இருக்கும்.

நாளைக்கு அலுவலகம் போனதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா? மானிட்டரின் மேல்விளிம்பு உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கிறதா? அப்படி இருந்தால் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கீழ்நோக்கிப் பார்க்கும்போது மேலிமை கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ளும், காய்வது குறையும்.

பஸ் போர்டு கலங்குவது வேறு விஷயம். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறு தசை இறுகி லென்ஸைக் குவிக்க வேண்டும். இருபது அடிக்கு அப்பால் பார்த்தால் அது தளர்ந்துவிடும். எட்டு மணி நேரம் அது இறுகியே இருப்பது, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது மாதிரி. குடத்தை இறக்கின பிறகும் இடுப்பு உடனே நேராகாது. அதேபோல் அந்தத் தசை சட்டென்று தளராததால், வேலை முடிந்த சற்று நேரத்துக்குத் தூரம் கலங்கும். கண்ணில் பவர் இருந்தாலும் கலங்கும் என்பதால் பரிசோதனை அவசியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் திரை வந்த பிறகு வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1700ஆம் ஆண்டிலேயே பெர்னார்டினோ ராமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், நுணுக்கமான வேலை செய்கிறவர்களின் கண் கெடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் எப்போதும் குனிந்தே இருக்காமல், அவ்வப்போது வேலையைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்துப் பொருள்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண் மருத்துவர்கள் இன்றைக்கும் இதையேதான் சொல்கிறார்கள்.

திரையால் வந்த மாற்றம் வேறு ஒன்று. நான் பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்த காலத்தில் இரண்டு பேராக உட்காருவோம். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சுத்தாளில் திருத்துவார். கொஞ்ச நேரம் கழித்து மாறிக்கொள்வோம். ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சடிக்கும் பக்கங்களின் தொகுதி, முடிந்தால் அதை எடுத்துக்கொண்டு எழுத்துக் கோக்கும் கம்போஸிங் அறைக்குப் போக வேண்டும், அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நடையும் காத்திருப்பும் கண்ணுக்கு ஓய்வு என்று யாரும் சொன்னதில்லை. அது வேலையோடு சேர்ந்தே வந்தது. இப்போது உங்கள் சார்ட்டும், கோடு தேடுவதும், மேலாளரிடம் கேட்பதும், லீவு போடுவதும்கூட அதே திரையில்தான். ஒரு சார்ட் முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. முன்பு வேலை கொடுத்த இடைவெளியை இப்போது நீங்கள் உங்கள் மன உறுதியால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆப் இரண்டு நாளில் தோற்றதற்கு இதுதான் காரணம், உங்கள் மன உறுதிக்குக் குறை ஒன்றும் இல்லை.

அந்த ஆப்பின் கணக்கு, ஜெஃப்ரி ஆன்ஷல் என்ற அமெரிக்கக் கண் நிபுணர் சொல்லிப் பரவிய 20-20-20. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால், இருபது நொடி பார்க்க வேண்டும். நினைவில் நிற்க வசதியான எண்கள், அவ்வளவுதான். இதைச் சோதித்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஓர் ஆய்வில் இரண்டு வாரம் நினைவூட்டல் வைத்துச் செய்தவர்களுக்கு எரிச்சலும் உலர்வும் குறைந்தன, நிறுத்திய ஒரு வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. இன்னொன்றில், நாற்பது நிமிடம் திரையில் படித்தவர்களுக்கு இருபது நொடி இடைவெளி கொடுத்துப் பார்த்ததில் சொல்லும்படியான வித்தியாசமே தெரியவில்லை. அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம். உங்கள் வேலைக்கு ஏற்றது, கடிகாரத்தை விட்டுவிட்டு சார்ட்டைக் கணக்காக வைத்துக்கொள்வது. ஒரு சார்ட்டை சப்மிட் செய்ததும் கண்ணை முழுதாக மூடித் திறங்கள், மெதுவாக, நாலைந்து தடவை. அப்புறம் அறையின் அந்தக் கோடியைப் பாருங்கள். வரி எதுவும் போகாது, ஏனென்றால் படித்துக்கொண்டிருந்த வரி அப்போதுதான் முடிந்திருக்கிறது.

இது சின்ன இடைவெளி. பெரிய இடைவெளி மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம், நாற்காலியை விட்டு எழுந்து. போனை டிராயரில் வைத்துவிட்டுப் போங்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மானிட்டர் உங்கள் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கும், போன் ஓரடி சொச்சம்தான். இறுகியிருக்கும் அதே தசையை இன்னும் இறுக்கிவிட்டுத் திரும்பி வருகிறீர்கள். மனதுக்கும் அது ஓய்வாக அமைவதில்லை. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு எழுத்துப் புதிர்களைக் கொடுத்து நடுவில் இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் போனைப் பயன்படுத்தியவர்கள் மீதிப் புதிர்களுக்கு மற்றவர்களைவிட 19 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், 22 சதவீதம் குறைவாகத்தான் விடை கண்டுபிடித்தார்கள்.

பெருங்குடி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கம் பார்த்த ஜன்னல் ஏதாவது ஒரு மாடியில் இருக்கும். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று பிளைண்டை இறக்கி வைத்திருப்பார்கள். காரிடாரிலோ படிக்கட்டுத் திருப்பத்திலோ ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் கண் ஓடக்கூடிய இடம் சென்னையில் கடற்கரையை விட்டால் அதிகம் இல்லை. பருவத்தில் பூநாரைகள்கூட வரும். கண் தானாகவே தூரத்துக்குப் போக ஒரு காரணம் இருந்தால் ஐந்து நிமிடம் நிற்பது எளிது.

சரி, "மறுபடியும் பிரேக்கா?" விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியம்.

இடைவேளை எடுத்தால் வேலை குறையும் என்று உங்கள் டீம் லீட் நம்புகிறார். அவருக்கும் மேலே டார்கெட் இருக்கும், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. அமெரிக்க வருமான வரித் துறையில் தகவல் உள்ளீடு செய்யும் 42 பேரை வைத்து அந்த நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வு செய்து 2000ல் வெளியிட்டது. சில வாரம் வழக்கம்போல நாளைக்கு இரண்டு 15 நிமிட இடைவேளை. சில வாரம் அதோடு சேர்த்து, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐந்து நிமிடம் கூடுதல், மொத்தம் நாளைக்கு 20 நிமிடம். கூடுதல் இடைவேளை இருந்த வாரங்களில் கண் சோர்வும் உடல்வலியும் குறைந்தன. வேலையின் அளவு குறையவில்லை. இருபது நிமிடம் குறைவாக உட்கார்ந்தும் அதே அளவு வேலை நடந்தது. பிரிட்டனில் 1993லிருந்தே இது விதி. திரையில் வேலை செய்கிறவருக்கு நடுவில் இடைவேளையோ வேறு மாதிரியான வேலையோ அமையும்படி திட்டமிடுவது முதலாளியின் கடமை. ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைச் செலவும் முதலாளியுடையது.

இதையெல்லாம் நீங்கள் தனியாகப் போய்ச் சொன்னால் புகார் மாதிரி ஆகிவிடும். உங்கள் வரிசையில் கண் எரிகிற ஆள் நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள். மதியச் சாப்பாட்டில் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு மாதம் மட்டும் மணிக்கு ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள், சார்ட் எண்ணிக்கையையும் க்வாலிட்டியையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள் என்று மெயில் அனுப்புங்கள். சோர்ந்த கண்தான் எம்17.11ஐ எம்17.12 ஆக்கும், அது அவர்களுக்கும் நஷ்டம்.

கேட்டால் என்ன நடக்கும் என்று தயங்காதீர்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். உட்கார்ந்தால் சோம்பேறி என்றுதான் அவர்களையும் சொன்னார்கள். விஜி என்ற தையல்காரப் பெண் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு வருடக்கணக்காகப் போராடியது. 2018ல் கேரளத்தில் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தம் வந்தது, 2021ல் தமிழ்நாட்டிலும் வந்தது. இன்றைக்கு தி.நகர் கடைகளில் விற்பனைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் உட்கார இடம் கேட்டார்கள், நீங்கள் எழுந்து நிற்க ஐந்து நிமிடம் கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே கோரிக்கைதான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே போனைப் பிடித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். படம் பார்க்க ஆசையாக இருந்தால் டிவியில் தூரமாக உட்கார்ந்து பாருங்கள்.

ப்ளூ கட் கண்ணாடி இப்போது வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட அறிக்கை, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அந்தப் பணத்தில் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். கடையில் மிஷினில் பார்ப்பது போதாது. சின்ன பவர் இருந்து தெரியாமல் விட்டிருந்தாலே இவ்வளவு எரிச்சலும் வரும். போகும்போது எத்தனை மணி நேரம் திரை, மானிட்டர் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் கலங்குகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சொட்டு மருந்தை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிந்தாலோ, திடீரென்று பார்வை குறைந்தாலோ, கடுமையாக வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அம்மாவிடம் மருத்துவரைப் பார்த்த பிறகு பேசுங்கள். வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்கத் தேவையில்லை. அந்த மெயிலுக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். வேண்டுமானால் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா