பழைய சிந்த், புது மாடுலர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கீபோர்டும் சிந்தசைசரும் (மின்சுற்றால் சத்தம் உண்டாக்கும் கருவி, சுருக்கமாகச் சிந்த்) பழுது பார்க்கிறேன். அதற்கு முன் பதினாறு வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவன். ஓசூரிலிருந்து அரூர் வரை பழைய கருவி வைத்திருப்பவர்கள், புதிதாக மாடுலர் (தனித்தனி மாட்யூல்களை ஒயரால் இணைத்துக் கட்டும் சிந்த்) பக்கம் வந்தவர்கள் எல்லாம் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவர்: அண்ணே, எங்க அப்பா வாசிச்ச யமஹா டிஎக்ஸ்7 பரண்மேல கிடந்துச்சு. ஆன் பண்ணா சத்தம் நல்லா வருது. உள்ள பேட்டரி மாத்தணும்னு சொல்றாங்க. கடையில குடுத்துடலாமா?

கொடுக்கலாம் தம்பி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டிஎக்ஸ்7 வந்தது 1983-இல். அதன் நினைவகத்தில் 32 சத்தங்கள் இருக்கும். அவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பது போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சிஆர்2032 லித்தியம் பேட்டரிதான். அதைக் கழற்றிய நொடியில் 32-ம் போய்விடும். கம்பெனி கொடுத்த சத்தங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். உங்கள் அப்பா உட்கார்ந்து செய்த சத்தம் எங்கேயும் கிடைக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருவர் தன் டிஎக்ஸ்7-ஐக் கொண்டுவந்தார். பேட்டரி இறங்கியிருந்தது. நான் யோசிக்காமல் கழற்றிப் புதுசு வைத்து, துடைத்துக் கொடுத்தேன். அவர் என் கடையிலேயே ஆன் செய்து, வழக்கமாக அழுத்தும் பட்டனை அழுத்தினார். திரையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள். இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாகஸ்வரத்துக்கு நெருக்கமாக ஒரு சத்தத்தைப் பல மாதம் செதுக்கி அதில் வைத்திருந்தாராம். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எந்தக் கருவியையும் காப்பி எடுக்காமல் நான் திறப்பதில்லை.

காப்பி எடுப்பது கஷ்டமில்லை. யுஎஸ்பி மிடி கேபிள் (இசைக் கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது) ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டி, கருவியின் உள் விவரங்களை அனுப்பும் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் முறையில் மொத்த நினைவகத்தையும் இழுத்துக்கொள்ளலாம். ஒரு சத்தத்துக்கு 128 பைட், 32-க்கும் சேர்த்து 4,096 பைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தில் இதைப்போல் பல மடங்கு அடங்கும். அதை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஃபங்க்ஷன் அழுத்திவிட்டு 14-ஆம் பட்டனை அழுத்தினால் திரையில் வோல்ட் காட்டும். மாற்றும்போது போர்டில் ஒரு பேட்டரி ஹோல்டரை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஈயம் உருக்க வேண்டியிருக்காது.

கோர்க் எம்1, ரோலண்ட் டி-50 வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். கோர்க் பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றைக்கே திறந்து பாருங்கள். அதில் இருப்பது நிக்கல் காட்மியம் பேட்டரி. ஒழுகினால் போர்டின் செம்புத் தடங்களையே அரித்துத் தின்றுவிடும்.

ஓசூர், தனியார் நிறுவன ஊழியர்: ஜப்பானில் இருந்த மாமா ரோலண்ட் ஜூனோ-106 ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார். அப்படியே பிளக்கில் சொருகலாமா? வாசிக்கும்போது சில நோட்டு மட்டும் கரகரவென்று வருவதாக அவர் சொல்கிறார்.

சொருகாதீர்கள் சார். முதலில் பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜப்பானுக்காகச் செய்தது என்றால் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டில் 230. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அமெரிக்கப் பொருள்களுக்கான 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர். லைன் 245-க்கு ஏறும் இரவு நேரத்தில் அது 117 வோல்ட் கொடுக்கும். 100-க்குச் செய்த கருவிக்கு அது அதிகம், உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் சூடேறிக்கொண்டே இருக்கும். 100 வோல்ட்டுக்கே சுற்றித் தரச் சொல்லுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் டிரான்ஸ்பார்மரும் சுற்றுபவர்கள் உண்டு.

கரகரப்புக்குக் காரணம் அநேகமாக 80017ஏ என்ற சில்லு. ஜூனோ-106 1984-இல் வந்த ஆறு குரல் கருவி, அதாவது ஒரே நேரத்தில் ஆறு நோட்டு பேசும். ஒவ்வொரு குரலுக்கும் ஃபில்டரும் (சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) ஒலியளவுக் கட்டுப்பாடும் சேர்ந்த ஒரு சில்லு, மொத்தம் ஆறு. அவற்றின்மேல் பூசிய எபாக்சிப் பிசின் வயதாக ஆக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல சில்லுகள் பிழைத்துக்கொள்கின்றன. உரித்தும் சரியாகாவிட்டால் அதே இடத்தில் பொருந்தும் புதுச் சில்லுகள் இப்போது செய்கிறார்கள். எந்தக் குரல் கெட்டது என்று தெரிய, கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டை அழுத்தும்போதும் எந்தக் குரல் பேசுகிறது என்று திரையில் எண் வரும். இந்த மாடலை வாங்கப் போகும் எல்லோரும் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ஊத்தங்கரை, கீபோர்டு வாசிப்பவர்: மாரியம்மன் பண்டிகை மேடையில ஜெனரேட்டர்ல வாசிச்சப்ப கீபோர்டு புகைஞ்சுடுச்சு. மத்தவங்க ஆம்ப் ஒண்ணும் ஆகல. ஏன்?

மூன்று பேஸ் ஜெனரேட்டராக இருந்திருக்கும். சீரியல் செட், ஃபோகஸ் லைட், ஸ்பீக்கர் எல்லாம் ஆளுக்கொரு பேஸில் இருக்கும்போது நியூட்ரல் ஒயர் லூசானால், லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் 230-இலிருந்து 400 பக்கம் எகிறும். அந்தப் பேஸில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். சில விளக்குகள் திடீரென்று பளிச்சென்றும் மற்றவை மங்கியும் எரிந்தால் பாட்டு நடுவில் இருந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கும் ஸ்டெபிலைசரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட்காரரின் எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பிப் பழைய சிந்தை மேடை ஏற்றவே கூடாது.

ஓசூர், இன்னொருவர்: யூரோராக் மாடுலர் ஆரம்பிக்கிறேன். பெட்டியும் பேனலும் இங்கேயே செய்ய முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஓசூரில் இருந்துகொண்டு இதற்கு வெளியே போக வேண்டாம். ஷீட் மெட்டல் வேலையும் லேசர் கட்டிங்கும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் தன் ஏ-100 மாட்யூல் வரிசைக்கு வைத்த அளவுதான் இன்றும் யூரோராக் அளவு. பேனல் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலம் எச்பி கணக்கு, ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர். ஆனால் 10 எச்பி பேனலை 50.8-க்கு வெட்டாதீர்கள், 50.5-க்கு வெட்டுங்கள். இல்லாவிட்டால் நாலைந்து பேனல் சேர்ந்ததும் கடைசிப் பேனல் உள்ளே போகாது. 2 மில்லிமீட்டர் அலுமினியம் போதும்.

கவனம் வேண்டியது மாட்யூலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ரிப்பன் கேபிளில். சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். சிவப்பைப் பார்த்ததும் நம் கை தானாக பிளஸ் என்று நினைத்துக்கொள்ளும். திருப்பிச் சொருகினால், பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூல் அந்த இடத்திலேயே காலி. போர்டில் மைனஸ் 12 என்று எழுதியிருப்பதைத் தேடிப் படித்த பிறகே சொருகுங்கள்.

தர்மபுரி, ஆசிரியர்: என்னிடம் இருக்கும் அனலாக் ஆசிலேட்டரைக் காலையில் சுருதி சேர்த்தால் மதியம் விலகிவிடுகிறது. பழுதா?

பழுதில்லை ஐயா, வெயில். ஒலி அலையை உண்டாக்கும் இந்த ஆசிலேட்டர்களில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட். அந்தக் கணக்கைப் போடுவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அவற்றின் குணம் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.33 சதவீதம் மாறும். கேட்க அற்பமாக இருக்கிறது, ஆனால் அடிப்படை ஸ்வரத்திலிருந்து இரண்டு ஸ்தாயி தள்ளி வாசித்தால் ஒரு டிகிரிக்கு 8 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். தர்மபுரியில் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி சாதாரணம். 80 சென்ட், ஏறக்குறைய அரை ஸ்வரம்!

நல்ல ஆசிலேட்டரில் இந்த மாற்றத்தை எதிர்த்து நகரும் டெம்ப்கோ ரெசிஸ்டர், 3,300 பிபிஎம் (அதே 0.33 சதவீதம்தான்), அந்த டிரான்சிஸ்டர்களைத் தொட்டபடி ஒட்டியிருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி அரை மணி நேரம் சூடேறவிட்டுச் சுருதி சேருங்கள், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் வையுங்கள்.

பாலக்கோடு: கட்டைகள் சரியாகப் பேசவில்லை. ஸ்பிரே ஆயில் அடிக்கலாமா?

கூடாது. ரப்பர் கான்டாக்டைக் கழற்றி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். எறும்புக் கூடும் பல்லி முட்டையும்தான் நான் அதிகம் எடுக்கும் உதிரி பாகங்கள்.

பென்னாகரம், தெருக்கூத்துக் கலைஞர்: முகவீணைக்கு ஆள் கிடைக்கிறதில்லைங்க. சிந்தசைசரில் அந்தச் சத்தம் வருமா? கமகம் பிடிக்குமா?

நெருங்கி வரும்ங்க. முகவீணை சீவாளி வைத்து ஊதும் வாத்தியம், அதனால் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு கூர்மை அதற்கு உண்டு. பல்ஸ் அலையை நன்றாகக் குறுக்கி, நடு அதிர்வெண்ணைத் தூக்கிவிட்டால் அந்தக் குணம் வரும். ஒரே குரல் பேசும் மோனோ சிந்த்தான் நல்லது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்க வைக்கும் போர்ட்டமென்டோவைக் கொஞ்சம் வைத்து, இடது கையில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டைப் பிடித்தால் வளைவுகள் கிடைக்கும். பெண்ட் அளவை இரண்டு அரைஸ்வரங்களுக்கு (ஒரு முழு ஸ்வரம்) மேல் வைக்காதீர்கள், கை நடுங்கினாலே சுருதி ஓடிவிடும். ஹார்மோனியம் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதற்கு மாஸ்டர் டியூனை இழுத்துச் சேருங்கள். ஹார்மோனியத்தை யாராலும் இழுக்க முடியாது.

ராகத்தை இந்த இயந்திரங்களில் வாசிப்பது புதிதில்லை. 1982-இலேயே மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டின் ஜூப்பிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். அதற்கும் முன்னால், 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் மனசு விட்டுச் சொல்கிறேன். முகவீணை ஊதும் பெரியவர் ஒருவர் இன்னும் உங்கள் பக்கம் இருந்தால், சிந்த் வாங்குவதற்கு முன் அவரை ஒரு முழு ராத்திரி பதிவு செய்யுங்கள். அந்த வளைவுகளைக் கேட்டுத்தான் விரலுக்குச் சொல்லித் தர முடியும்.

அரூர், கல்லூரி மாணவி: அண்ணா, என்கிட்ட காசு அதிகம் இல்ல. மாடுலர் கத்துக்க எங்க ஆரம்பிக்கறது?

கம்ப்யூட்டர் இருந்தால் மாடுலரைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் விசிவி ராக் என்ற மென்பொருளை இறக்கிக்கொள் அம்மா, இலவசப் பதிப்பு இருக்கிறது. ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிப்பது) மூன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் ஒயர் மாற்றி மாற்றிப் பார்.

கூடவே கையாலும் ஒன்று செய். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சிடி40106 என்ற சில்லு கேள். உள்ளே ஆறு இன்வெர்ட்டர், வீட்டில் கரண்ட் போனால் ஓடுவது இல்லை, சிக்னலைத் தலைகீழாக்கும் சின்னச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போட்டால் ஆறு ஆசிலேட்டர், 9 வோல்ட் பேட்டரியே போதும். 100 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபேரட் போட்டால் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் கரடுமுரடாக உறுமும். பயன்படுத்தாத உள்ளீடுகளை கிரவுண்டில் கட்டிவிடு, இல்லாவிட்டால் சில்லு தாறுமாறாக நடக்கும். வெளியீட்டை ஒரு கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓமும் வழியாக ஆம்ப் உள்ள ஸ்பீக்கருக்குக் கொடு, ஒலியளவு குறைவாக.

அது பேச ஆரம்பித்ததும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர்) வை. டியூப்லைட்டுக்குக் கீழே கையை மேலும் கீழும் கொண்டுபோ.