லெக் ஹோட்டலில் இரண்டு இரவு ஏன் கிடைக்காது?

கேள்வி: ஆஸ்திரியாவின் லெக் என்ற பனிச்சறுக்கு ஊரில், குடும்பத்தார் நடத்தும் சொகுசு ஹோட்டல்களில் விசாரித்தேன். பிப்ரவரியில் இரண்டு இரவு கேட்டால் இல்லை என்கிறார்கள். ஒரு வாரத்துக்குச் சொல்லும் தொகையோ தலையைச் சுற்ற வைக்கிறது. வியன்னாவில் பெரிய கம்பெனி ஹோட்டலே இதைவிட மலிவு. 'குடும்பம்' என்ற பெயரை வைத்துக் காசு பறிப்பதுதானே இது?
- கோவை வாசகர்

பதில்: இல்லை. நீங்கள் ஒப்பிட்ட விதம்தான் தவறு.

வியன்னாவில் சொன்னது அறை வாடகை. லெக்கில் பெரும்பாலும் ஆள் கணக்கு, அதுவும் சாப்பாட்டோடு. பட்டியலில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 400 யூரோ என்றிருந்தால் இருவருக்கு ஏழு இரவுக்கு 5,600 ஆகும். காலை உணவும், இரவில் நாலைந்து சுற்று விருந்தும் அதில் அடக்கம். பல இடங்களில் பிற்பகல் சிற்றுண்டியும் உண்டு. இந்த ஏற்பாட்டை 'ஹால்ப்பென்ஸியோன்' என்பார்கள். ஊர் வரியும், மலைச்சரிவில் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்கான பாஸும் தனி. வியன்னா வாடகையோடு ஏழு இரவு விருந்துச் செலவைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் லெக்தான் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் கடைசி வரைதான் அவர்களுக்கு முக்கிய வருமானம். ஊழியர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஹோட்டல்தான் தர வேண்டும்.

இரண்டு இரவு மறுப்பதும் திமிர் அல்ல. அங்கே விருந்தினர் வந்து போவது பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. நடுவாரத்தில் உங்களுக்கு இரண்டு இரவு கொடுத்தால் மிச்சம் ஐந்தும் காலியாகக் கிடக்கும்.

'குடும்பம்' வெறும் விளம்பரச் சொல்லும் அல்ல. லெக் முன்பு வால்சர் என்ற மலைக்குடிகளின் மாட்டுப் பண்ணை ஊர். 1906-இல் பக்கத்து ஊரான ட்சூர்ஸில் முதல் ஸ்கீ (பனிச்சறுக்கு) வகுப்பு நடந்தது. 1937-இல் ஆஸ்திரியாவின் முதல் ஸ்கீ லிஃப்டும் அங்கேதான் ஓடியது. அதே ஆண்டிலிருந்து லெக்கின் 'காஸ்ட்ஹோஃப் போஸ்ட்' ஹோட்டல் மூஸ்ப்ருகர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இத்தகைய இடங்களில் வாரம் முழுக்க உங்களுக்கு ஒரே மேசை, பரிமாறுபவரும் அநேகமாக ஒருவரே. குறை சொன்னால் தீர்க்க வேண்டியவர் அதே கட்டடத்தில் இருக்கிறார். நான் மதிப்பது இதைத்தான்.

பணம் உண்மையில் பறிபோகும் இடம் வேறு: ரத்து விதி. ஆஸ்திரிய ஹோட்டல்களின் பொது நிபந்தனைப்படி, மூன்று மாதத்துக்கு முன்பே ரத்து செய்தால் கட்டணமில்லை. மூன்று மாதத்துக்கும் ஒரு மாதத்துக்கும் இடையில் 40 சதவீதம், ஒரு வாரம் வரை 70, கடைசி வாரத்தில் 90. சில ஹோட்டல்கள் சொந்த விதி வைத்திருக்கும். ஆகவே உறுதிக் கடிதத்தைப் படியுங்கள். நம்மவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடுகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் 70 சதவீதம் போய்விடும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே கொடுத்துவிட்டால், கட்டணமில்லாக் கெடு முடிவதற்குள் முடிவு தெரிந்துவிட வாய்ப்பு அதிகம்.

சைவர்கள் முன்கூட்டியே எழுத வேண்டும். 'காய்கறி சூப்' மாட்டெலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். சீஸ் போட்ட 'ஷ்பெட்ஸ்லெ' என்ற மாவுப் பண்டத்தில் முட்டை உண்டு. 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் இறைச்சிச் சாறு, மீன், முட்டை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். சௌனா என்ற வெப்பக் குளியல் அறையில் ஆண் பெண் இருவரும் ஆடையின்றி இருப்பது அங்கே வழக்கம். குடும்பத்தோடு போனால் நீச்சலுடை அணியும் பகுதி உண்டா என்றும் கேளுங்கள்.

லாங்கன் ரயில் நிலையத்திலிருந்து லெக்குக்கு ஃப்ளெக்ஸன் கணவாய் வழியாகத்தான் பேருந்து. எதிர்ப்பக்கம் வார்த் போகும் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். பெரும்பனி பெய்து கணவாயையும் மூடினால் ஊரே அடைபட்டுவிடும். ஜூரிக்கிலிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால், முந்தின இரவை அங்கேயே கழியுங்கள். காப்பீட்டில் ஸ்கீ விபத்தும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இவை இருக்காது.

இரண்டு மூன்று இரவுதான் முடியும் என்றால் பிப்ரவரியை விடுங்கள். ஜனவரி 6-க்குப் பிறகு, மாதக் கடைசிக்குள், இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே விழும் காலி இரவுகளைக் கேட்டு ஹோட்டலுக்கே நேராக எழுதுங்கள். முன்பதிவுத் தளங்களில் அந்த இரவுகள் பெரும்பாலும் தென்படாது.