காரைக்குடி கல்யாணத்துக்கு ஸ்கர்ட் போட்டு வரலாமா?

தம்பி, பெங்களூரில் ஸ்கர்ட் போட்டுப் பழகிவிட்டது, காரைக்குடியில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படியே வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லத்தான் செய்யும். செக்காலை ரோட்டில் பைக்கில் மூன்று பேராகப் போகும் பையன்கள் "டேய், பாவாடை!" என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். ஆச்சிகள் அப்படியில்லை. பக்கத்தில் வந்து, துணியை விரலால் நெருடிப் பார்த்து, "என்னப்பு இது, பாவாடையா?" என்று நேராகவே கேட்பார்கள். "ஆமா ஆச்சி, வெக்கைக்கு நல்லா இருக்கு" என்றால் அடுத்த கேள்வி விலையைப் பற்றித்தான். நெளிந்தீர்களோ, சாயங்காலத்துக்குள் வளவு முழுக்க அதே பேச்சு.

நீளத்தைக் கவனியுங்கள். பெரியவர்கள் முன்னால் வேட்டியையே மடித்துக் கட்டக்கூடாத ஊர். முழங்கால் தெரியும் ஸ்காட்லாந்து கில்ட் வேண்டாம். கணுக்கால் வரை, கட்டம் போட்டது என்றால் தூரத்துப் பார்வைக்குக் கைலி. (நம்மூர்க் கண்டாங்கிச் சேலையிலும் கட்டம் உண்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் தைத்துப் போட்டால் ஆச்சிகள் உங்கள் கட்சி!)

முகூர்த்தத்துக்கும் கொப்புடையம்மன் கோவிலுக்கும் வேட்டி கட்டிவிடுங்கள். மாமாவுக்கு மட்டும் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லுங்கள். பந்தியில் வைத்துத் தெரிந்தால் அவருக்குத்தான் சங்கடம்.