சோதனைச்சாவடியாக நிற்காதீர்கள், தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது, புதுக்குடியிருப்புப் பக்கம். இரண்டு வருசமாக ஒரு திருநம்பியை, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவரை, விரும்புகிறேன். அடுத்த மாதம் வவுனியாவில் வீடு வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருக்கப் போகிறோம். என்னோடு நல்ல வாரப்பாடு. ஆனால் சேர்ட்டைக் கழற்ற மாட்டார். நெஞ்சுப் பக்கம் கை போனால் தட்டிவிடுவார். ஒப்பரேஷன் செய்வீர்களா என்று கேட்டால் கதையை மாற்றுகிறார். என்னில் நம்பிக்கை இல்லையா? "ஆம்பிளையா பொம்பிளையா என்று வடிவாகப் பார்த்துவிட்டுப் போ" என்கிறாள் சிநேகிதி. அவர் வீட்டுக்குப் போனால் அவரின் அம்மா முன்னால் எப்படிக் கதைப்பது என்றும் தெரியவில்லை.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் அவருடைய பழைய பெயரையும் எழுதியிருந்தீர்கள். எனக்கு விளங்கட்டும் என்றுதான் எழுதியிருப்பீர்கள். அச்சுக்குக் கொடுக்க முன் இரண்டையும் பேனையால் அடித்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்குத் தேவையில்லை, உங்கள் சிநேகிதிக்கும் தேவையில்லை. அவர் உங்களை நம்பிச் சொன்னது அது. இன்னொரு ஆளுக்குச் சொல்வதென்றால் முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

நாலு பக்கக் கடிதம். மூன்று பக்கம் முழுக்க அவருடைய உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற ஆராய்ச்சி. அவருக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு என்ன விருப்பம் என்றும் ஒரு வரி இல்லை. இதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

நாங்கள் வன்னிச் சனம். பஸ்ஸால் இறக்கி, பையைக் கொட்டி, ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை என்று நிறுத்தி, முன்பின் தெரியாத கை ஒன்று உடம்பைத் தடவிப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நின்ற ஞாபகம் உங்கள் வயதுக்காரருக்கும் இருக்கும். அங்கே அவர் எந்த வரிசையில் நின்றிருப்பார், அந்தக் கை அவரை என்ன செய்திருக்கும் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். "வடிவாகப் பார்த்துவிட்டுப் போ" என்று சிநேகிதி சொன்னதும் அதே சோதனைதான். அவர் ஆம்பிளை என்று அவரே உங்களுக்குச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பார்த்து உறுதிப்படுத்த ஒன்றும் கிடையாது.

சேர்ட் விசயத்துக்கு வருவோம். எங்கள் கிணற்றடியை நினையுங்கள். ஆம்பிளைகள் சாரத்தோடு வெறும்மேலாகக் குளிப்பார்கள். பொம்பிளைகள் குறுக்குக்கட்டோடு. இந்த இரண்டும் சரிவராத ஒரு பிள்ளை எங்கே போய்க் குளித்திருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு திருநம்பி விடியப்புறம் நாலு மணிக்கு, ஊர் எழும்ப முன், சேர்ட்டோடேயே வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வார். பிறகு அடுப்படியில் குந்தியிருந்து அந்த ஈரச் சேர்ட்டை உடம்பிலேயே காயவிடுவார். மாரி காலத்திலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் தொடங்கியது, இருபத்தாறு மட்டும் நடந்தது. இப்படிப் பழகிய உடம்பு, ஒருத்தியில் அன்பு வந்துவிட்டது என்பதற்காக இரண்டு வருசத்தில் சேர்ட்டைக் கழற்றிவிடுமா? உங்களில் நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் பக்கத்தில் படுத்தே இருக்க மாட்டார், தங்கச்சி. சிலருக்கு இது நாளடைவில் இளகும், சிலருக்குக் கடைசி வரை இளகாது. சேர்ட் போட்டபடியே நெருக்கமாக இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டும் இருக்கலாம். அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.

சரி, கேட்பது எப்படி? படுக்கையில் வைத்துக் கேட்காதீர்கள், அந்த நேரம் மனுசருக்கு வாய் வராது. பகலில், இரணைமடுக் குளக்கட்டில் நடக்கும்போதோ தேத்தண்ணி குடிக்கும்போதோ கேளுங்கள். "எங்க தொட்டா உங்களுக்கு விருப்பம்? எங்க தொடக் கூடாது?" இவ்வளவுதான். கேட்டுவிட்டு உங்களுடைய விருப்பத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவருக்கும் சொல்ல வரும். நேற்றுச் சரியென்றது இன்றைக்குச் சரிவராமல் போகலாம், அதனால் ஒவ்வொரு முறையும் கேட்பதில் வெட்கமில்லை. வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்தமுறை அவர் பிடிக்காததையும் பொறுத்துக்கொண்டு கிடப்பார்.

சொல்லையும் கவனியுங்கள். மார்பகம் என்றால் அவர் சுருங்கிப்போவார். நெஞ்சு என்றால் எல்லாருக்கும் உள்ளது. நீங்களே உங்களை அறியாமல் கடிதத்தில் நெஞ்சு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. மற்ற இடங்களுக்கும் அவரிடம் ஒரு சொல் இருக்கும். அதைக் கேட்டு அதையே பாவியுங்கள்.

ஒப்பரேஷன் பற்றிக் கேட்க வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவரே சொல்லுவார். எல்லாத் திருநம்பிகளும் செய்வதில்லை. காசு இல்லாதவர் இருக்கிறார், உடல்நிலை இடங்கொடாதவர் இருக்கிறார், தேவையே இல்லை என்று நினைப்பவரும் இருக்கிறார். அதனால் எவருடைய ஆண்மையும் குறைந்துவிடாது.

ஆனால் ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர் என்ற முறையில் சில விசயங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நெஞ்சை இறுக்க பைண்டர் என்ற இறுக்கமான உள்ளுடுப்புப் போடுகிறவரென்றால் ஒரு நாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போடக் கூடாது, அதோடு நித்திரை கொள்ளவே கூடாது. அது கிடைக்காமல் காயத்துக்குக் கட்டும் பண்டேஜைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சு எடுக்க எடுக்க அது இன்னும் இறுகும், விலா எலும்பு பழுதாகிவிடும். கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் வயலில் நின்றுவிட்டு வருகிறவரென்றால், வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றிவிட்டுத் தொளதொளத்த சேர்ட்டோடு பயமில்லாமல் இருக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை நீங்கள் கொடுக்கலாம். கழற்றிய நேரம் பார்த்துக் கட்டிப்பிடிக்கப் போகாதீர்கள்.

டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஊசி போடுகிறாரென்றால் குரல் தடிக்கும், தாடி வரும், மாதவிலக்கு அநேகமாக நின்றுவிடும். கீழே வறட்சி வரும், நோகும். அதற்கு ஃபாமசியில் தண்ணீரில் கரையும் ஜெல் இருக்கிறது. கொண்டம் பாவிக்கும்போது தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும். நகத்தை வெட்டிக் கையைக் கழுவுங்கள். கருப்பை இருக்கும் மட்டும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை அவருக்கும் தேவை. எங்கள் நாட்டில் 35 வயதில் அதற்குக் கூப்பிடுகிற கிளினிக்கின் பெயரோ சுகவனிதையர் கிளினிக். தாடியோடு அந்த வாங்கில் போய் இருக்க எந்த ஆம்பிளைக்கு மனம் வரும்? அந்த நாள் வரும்போது நீங்களும் கூடப் போய் இருங்கள்.

அவரின் அம்மா விசயம். எழுத்துத் தமிழென்றால் இது சுகம். "அவர் வந்தார், அவர் சாப்பிட்டார்" என்று மரியாதையாக எழுதும் சொல்லில் ஆண் பெண் பேதமில்லை. எங்கள் பேச்சிலோ அவர் என்றால் ஆம்பிளை, அவா என்றால் பொம்பிளை. அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள்: அம்மாவுக்கு எவ்வளவு தெரியும், அம்மா முன்னால் எந்தப் பெயர் சொல்ல வேண்டும், அவர் என்றா அவா என்றா சொல்ல வேண்டும்? தாய் பழைய பெயரால் கூப்பிட்டால் நீங்கள் குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம். முள்ளியவளையில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஆறு வருசம் "பிள்ளை, பிள்ளை" என்று சமாளித்தார். ஒருநாள் மத்தியானம் குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் படலைப் பக்கம் பார்த்து, "தம்பி, சாப்பிட வாங்கோ" என்றார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, தட்டுகளைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார்கள்.

சிநேகிதியிடம் சொன்னதுதான் எனக்குப் பயம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டையது. ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும் அதன் 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள். அடையாள அட்டையில் அவர் இன்னும் பெண் என்றிருந்தால், குறை பிடிக்க நிற்கிறவர் கண்ணுக்கு நீங்கள் இரண்டு பெண்கள். ஒரு சின்னக் கோபத்தில் அந்தச் சிநேகிதி எங்கேயாவது வாய் திறந்தால் அடி விழுவது அவருக்கு. 2016இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த நடைமுறைப்படி உளநல வைத்திய நிபுணரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழையும் பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். அந்த வைத்தியரிடம் போகச் சொல்வதால் இது பைத்தியம் என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. அவர் போவதென்றால் அலைச்சலில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வவுனியாவில் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்க முன் குளியலறையைப் பாருங்கள். உள்ளே இருக்கிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று பாருங்கள். கிணறுதான் என்றால் சுற்றிவர ஆளுயரத்துக்குத் தகரம் அடித்திருக்க வேண்டும். அடிக்காவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்டு, குடிபோக முன் நீங்களே அடித்துவிடுங்கள்.