அணைவுச் சேர்மங்கள், கரிம உலோக வேதியியலில் ஆராய்ச்சி செய்ய வரலாமா?

எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், இந்தத் துறையில் பி.எச்டி. சேர்ந்தால் வாழ்நாளுக்கும் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பிளாட்டினம் அணைவுச் சேர்மங்களில் (நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றி மற்ற அணுக்களோ மூலக்கூறுகளோ பிடித்திருப்பவை) பி.எச்டி. முடித்து, இன்றும் அதே வேலையில் இருக்கிறேன். தாராளமாக வாருங்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

ஊரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஷிஃப் காரம் என்ற, உலோகத்தைப் பிடிக்கும் கரிமச் சேர்மம் ஒன்றைத் தயாரித்தேன். அதைச் செம்பு, நிக்கல், கோபால்ட், துத்தநாகம் என்று நான்கோடும் சேர்த்தேன். ஐ.ஆர்., யு.வி. நிறமாலைகள் எடுத்து, இரண்டு பாக்டீரியாவில் சோதித்து முடித்தேன். டர்பனில் என் வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, "ஏன் செம்பு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அவர் என்னைத் தொடங்க வைத்தது சிஸ்பிளாட்டினில். 1960-களில் பார்னெட் ரோசன்பர்க் பிளாட்டினம் மின்முனைகளை வைத்துச் செய்த சோதனையில் பாக்டீரியா பிரியாமல் நீண்டுகொண்டே போனதிலிருந்து வந்த மருந்து அது. 1978-ல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பிளாட்டினத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு குளோரைடும் ஒரே பக்கம் இருந்தால் மருந்து. எதிரெதிரே இருந்தால் அந்தப் பலன் இல்லை. இரத்தத்தில் குளோரைடு அதிகம், அதனால் சேர்மம் பெரும்பாலும் அப்படியே போகிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே குளோரைடு விலகி, நீர் அந்த இடத்தில் உட்காருகிறது. அப்புறம்தான் அது டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது. ஆக, குளோரைடு எவ்வளவு வேகமாக விலகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் அளந்தது அந்த வேகத்தை. மூன்று கை உள்ள ஈனி (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) ஒன்று பிளாட்டினத்தைப் பிடித்திருக்கும், நான்காவது இடத்தில் குளோரைடு. வேகமான வினைகளை அளக்கும் ஸ்டாப்டு ஃப்ளோ கருவியில் இந்தக் கரைசலும், குளோரைடின் இடத்தைப் பிடிக்கும் தயோயூரியாவின் கரைசலும் மில்லி செகண்டுகளில் கலக்கும், குளோரைடு விலக விலகத் திரையில் வளைகோடு இறங்கும். குளோரைடுக்கு நேர் எதிரே இருந்த நைட்ரஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தோம். வளைகோடு சடாரென்று விழுந்தது. எதிரே இருக்கும் அணு இந்தப் பக்கத்து அணு விலகும் வேகத்தை மாற்றும் என்று 1926-ல் ரஷ்ய வேதியியலாளர் செர்ன்யாயெவ் சொன்ன எதிர்ப்பக்க விளைவை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தவன் நான். அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஓர் அணு மாறி உலோகம் நேராகக் கார்பனோடு பிணைந்ததுமே அணைவுச் சேர்மம் கரிம உலோகச் சேர்மமாகிவிட்டது. பாடத்திட்டத்தில் தனித்தனி அலகுகளாக இருப்பவற்றுக்கு நடுவே அவ்வளவுதான் தூரம்.

சேர்மத்தில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் பார்க்க அதைப் படிகமாக்க வேண்டும். படிகம் வளர்ப்பது வேறு உலகம். மூன்று வாரம் காத்திருந்து ஆரஞ்சு ஊசிகள் வந்தன. சந்தோஷத்தில் வடிகட்டிக் காயவைத்தேன். உள்ளேயிருந்த கரைப்பான் டைக்குளோரோமீத்தேன் பறந்துபோக, கண்ணெதிரே பொடியாயின. ஆய்வகத்தில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் பேரன், நாங்கள் மாமா என்போம். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "மெதுவா, தம்பி" என்று சொல்லி, அடுத்த தொகுதியை அது வளர்ந்த தாய்க்கரைசலிலிருந்து நேராக ஒரு சொட்டு எண்ணெயில் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒரே ஒரு படிகத்தைத் தள்ளிப் பிரித்துக் காட்டினார். இன்று என் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

பிளாட்டினத்தை உலகிலேயே அதிகம் வெட்டியெடுக்கும் நாடு இது. சுரங்க நகரமான ருஸ்டன்பர்க் பக்கம் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிராம். அது தெரிந்த பிறகு வடிதாளில் ஒட்டிய மஞ்சள் துகளைக்கூட வீணாக்க மனம் வராது.

வேலை வாய்ப்புக்குப் பயப்பட வேண்டாம். கார்பனோடு கார்பனை இணைக்க உதவும், 2010-ல் நோபல் பெற்ற பல்லேடியம் இணைப்பு வினைகள் இல்லாமல் இன்று பல மருந்துகளின் தயாரிப்பு நடக்காது. வினையூக்கி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர்., காற்றுப் படாமல் வேலை செய்யும் கை, இவை தெரிந்தவருக்கு இடம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் அங்கே ஒற்றைப் படிக எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு ஊருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டிய இடம் என்றால், வரிசை வருவதற்குள் உங்கள் படிகம் பொடியாகிவிடும்.